காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? மலைநாட்டு மரக்கறித் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

வைகாசி பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். அதுவரை பூச்சி, பசளை, விதை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காற்றைப் பற்றி எழுதத் தொடங்குவார்கள். குளிரைக் குறை சொல்லி எழுதுபவர்கள்கூட, விவரத்தை வாசித்துப் பார்த்தால், காற்றைத்தான் சொல்லியிருப்பார்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் எல்லாம் அந்தக் குளிரைக் கேட்டு வாங்கும் பயிர்கள். அவற்றுக்குத் தொல்லை காற்றால்தான். ஆகவே இந்த முறை காற்றையொட்டிய கேள்விகளையே அதிகம் எடுத்திருக்கிறேன். கந்தப்பளையில் என் தோட்டத்திலும் இப்போது அதே வேலைதான் நடக்கிறது.

அக்கா, லயத்தை விட்டு இப்போதுதான் தனி வீட்டுக்கு வந்தோம். 7 பேர்ச்சஸ் காணி. வீடு போக மிஞ்சிய இடத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டேன். காற்றுக்கு மறைப்பாக ஒரு பக்கம் முழுவதும் பழைய தகரம் அடித்தோம். தகரத்தை ஒட்டி நட்டவை நன்றாக நிற்கின்றன. அதற்கு அடுத்த வரிசைகள் சாய்ந்து, இலை கிழிந்து கிடக்கின்றன. தகரத்தை இன்னும் உயர்த்தட்டுமா?
— வாசகி, தலவாக்கலை

உயர்த்த வேண்டாம் தங்கச்சி. உங்கள் செடிகளைச் சாய்ப்பதே அந்தத் தகரம்தான். ஓட்டை இல்லாத சுவரில் மோதும் காற்று நின்றுவிடாது. மேலே ஏறி, மறுபக்கம் விழுந்து, விழுந்த இடத்தில் சுழலும். சுவரின் அடியில் கொஞ்ச இடம் அமைதியாக இருக்கும். அதைத் தாண்டியதும் முன்பைவிட மோசமாக, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி அடிக்கும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக அதையேதான். தகரத்தை உயர்த்தினால் சுழல் விழும் இடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

காற்றுக்கு நல்ல மறைப்பு என்றால் பாதிக் காற்றை உள்ளே விட வேண்டும். உள்ளே வருவது வேகம் குறைந்து வரும், மீதி மேலால் போய்விடும், சுழலாது. கடையில் விற்கும் பச்சை நிழல் வலையில் 50 வீதம் என்று இருப்பதை வாங்குங்கள். காசு இல்லையென்றால் மூங்கிலைப் பிளந்து, ஒரு பட்டை அகலம் இடைவெளி விட்டு நிறுத்திக் கட்டினாலும் போதும். 5 அடி உயர வேலி அதன் உயரத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தூரத்துக்கு நன்றாகக் காக்கும். பத்து மடங்கு தூரம் வரையும் கொஞ்சம் பலன் தெரியும். உங்கள் காணிக்கு அது தாராளம்.

வலை அடிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். கம்புகளை 2 அடி ஆழத்துக்காவது இறக்குங்கள்; மழையில் ஊறிய மண் கம்பைப் பிடிக்காது. வலையைக் காற்று வரும் பக்கத்தில், கம்புக்கு வெளியே கட்டுங்கள். அப்போது காற்று வலையைக் கம்போடு சேர்த்து அழுத்தும். உள்பக்கம் கட்டினால் காற்று தள்ளத் தள்ள முடிச்சு ஒவ்வொன்றாக அறுந்து, ஆடி மாதம் முடிவதற்குள் வலை பக்கத்துவீட்டுக் கூரையில் கிடக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று என்று பெயர் இருப்பதாலேயே அது உங்கள் வீட்டுக்குத் தென்மேற்கிலிருந்து வரும் என்று நினைக்காதீர்கள். மலை மடிப்பும் வீட்டுச் சந்தும் அதைத் திருப்பிவிடும். பழைய பொலித்தீன் பையைக் கீலம் கீலமாக வெட்டி, இடுப்பளவு குச்சிகளில் கட்டி, காணியின் நாலைந்து இடங்களில் குத்துங்கள். காற்று பலமாக இருக்கும் ஒரு பிற்பகலில் போய் நின்று பாருங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்து வழியாக வருவதுதான் பெரும்பாலும் கெட்ட காற்று. வேலியை அதற்கு நேரே போடுங்கள்.

இனிச் செடிக்கு வருவோம். நாளைக் காலையில் ஒரு கோவாச் செடியின் அடியில் குனிந்து பாருங்கள். தண்டைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி இருக்கும், வாய் அகன்று கீழே ஒடுங்கியபடி. செடி ஆடி ஆடி அது உண்டாகிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கும், சின்ன வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும், பிறகு தண்டு அழுகும். இப்படிப் போன செடியைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப்பேர். மருந்து தேவையில்லை. குழியை மண்ணால் மூடி, இரண்டு கையாலும் அழுத்தி, கீழ் இலை மட்டத்துக்கு மண் அணைத்துவிடுங்கள்.

அடுத்த முறை நடும்போதே நாற்றை முதல் இலைக்காம்பு வரை மண்ணுக்குள் இறக்கி நன்றாக அமுக்குங்கள். போதுமா என்று பார்க்க, ஓர் இலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது.

போஞ்சிக்கு, காற்று பலக்கும் மாதங்களில் கொடிப் போஞ்சியை விட்டுவிட்டுப் பற்றைப் போஞ்சி போடுங்கள். கொடிதான் வேண்டும் என்றால் வரிசையைக் காற்று போகும் திசையிலேயே நீளமாக அமையுங்கள். குறுக்கே நிறுத்தினால் முழுப் பந்தலும் சுவராகிவிடும். மூன்று மூன்று கம்பாகச் சேர்த்துத் தலைப்பைக் கட்டினால் தனிக் கம்பைவிட நின்று பிடிக்கும்.

தகரத்தை எறிந்துவிடாதீர்கள். கோழிக்கூட்டுக்கு ஆகும்.

உயிர்வேலி போட விரும்புகிறேன். கிளிசிரிடியா நட்டால் சரியா?
— வாசகர், நானுஓயா

கிளிசிரிடியா கீழ்நாட்டுக்கு அருமையான மரம். நம் உயரத்துக் குளிரில் மந்தமாகிவிடும். இங்கே காட்டுச் சூரியகாந்தி நன்றாக வரும், தடியை வெட்டிக் குத்தினாலே போதும். வருடத்தில் சில தடவை வெட்டி, அந்தத் தழையைப் பாத்தியில் போட்டால் நைதரசன் நிறைந்த பசளை. குவாட்டமாலா புல்லும் நல்லது. பழைய தேயிலை பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்ற நடுவார்களே, அதே புல். இரண்டுமே வேர் பரப்பித் தண்ணீரையும் பசளையையும் இழுக்கும். பாத்திக்கும் வேலிக்கும் நடுவில் 3 அடி விட்டு, அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கான் வெட்டிவிடுங்கள். கானைத் துப்புரவாக்கும் ஒவ்வொரு முறையும் ஊடுருவி வரும் வேர் அறுபடும்.

அக்கா, நீங்கள் எப்போதும் மழைக்காற்றைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் அடிப்பது காய்ந்த காற்று. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் கோவா நாற்று மூன்றாம் நாளே சருகாகிறது.
— வாசகர், ஹப்புத்தளை

தம்பி சொல்வது நியாயம். இரண்டும் ஒரே காற்றுத்தான். மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மலையில் ஏறும்போது சுமந்துவந்த ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்து வருகிறது. அந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் ஏறுகிறது, உலகமெங்கும் அதற்குத் தனி விலை. மரக்கறி நாற்றுக்கு அதே காற்று எமன். நாங்கள் தண்ணீரை வெளியேற்றப் பாடுபடும் அதே மாதத்தில் நீங்கள் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பாடுபட வேண்டும். ஆகவே நுவரெலியாக்காரர் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

முதலில், மேட்டுப்பாத்தி வேண்டாம். நாலு பக்கமும் காற்றுப் பட்டு மேடு சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கை ஆழத்துக்குச் சால் இழுத்து, சாலின் அடியில் நடுங்கள். சால் மண்ணைக் காற்று வரும் பக்கம் குவித்தால் அதுவே சின்ன மறைப்பு. நடுவதை மாலை 4 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுமேடையிலிருந்து எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, மூடாக்கை நீக்கி, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். தளதளவென்று வளர்த்த நாற்றுத்தான் முதலில் சாகும். நட்டதும் ஒவ்வொரு நாற்றுக்கும் காற்றுப் பக்கம் ஒரு பன்னத் தழையைச் சாய்த்துக் குத்துங்கள். நம் பெரியவர்கள் செய்த இந்த வேலையை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் தழை காய்ந்து உதிரும்போது நாற்று வேர் பிடித்திருக்கும்.

பிறகு மூடாக்கு. மானாப் புல்லை வெட்டி நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், பூவும் விதையும் வருவதற்கு முன் வெட்டிய புல்லாக இருக்கட்டும். மூடாக்குப் போட்ட பாத்திக்குக் காலையும் மாலையும் மேலோட்டமாகத் தெளிப்பதை நிறுத்தி, இரண்டு நாளைக்கு ஒருமுறை அடி நனைய ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே வளரும். காற்று முதலில் காய வைப்பதும் அந்த மேல் மண்ணைத்தான்.

தை மாதம் எங்கள் உருளைக்கிழங்கு ஒரே இரவில் கருகிப்போனது. பக்கத்து மேட்டுக் காணியில் ஒன்றும் ஆகவில்லை. யாராவது ஏதாவது தெளித்திருப்பார்களோ என்று வீட்டில் பேச்சு.
— வாசகர், நுவரெலியா

யாரும் எதுவும் செய்யவில்லை ஐயா. அயலவரோடு மனஸ்தாபம் வேண்டாம். அது உறைபனி. மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை, மேகம் இல்லாமல், காற்றும் இல்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுகளில் வரும். பகலில் மண் வாங்கிய சூட்டை மூடிவைக்க மேகம் இல்லாததால் அது மேலே போய்விடும். தரையோடு உள்ள காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் ஓடுவதைப்போல் பள்ளத்தை நோக்கி வழியும். உங்கள் காணி பள்ளத்தில் இருக்கிறது, அவருடையது மேட்டில். வித்தியாசம் அவ்வளவுதான்.

வைகாசி, ஆனியில் நாம் திட்டும் காற்று, தையில் அடித்தால் நமக்கு நன்மை. காற்று அசையும் இரவில் குளிர்ந்த காற்றும் மேலே உள்ள கொஞ்சம் சூடான காற்றும் கலந்துவிடும், உறைபனி விழாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றுக்கு என்று நாம் நெருக்கி வளர்க்கும் வேலி, காணியின் கீழ் ஓரத்திலும் இருந்தால், வழிந்துவரும் குளிரைத் தேக்கிவைத்துவிடும். ஆகவே கீழ் ஓரத்தில் வேலியின் அடிப்பகுதியைக் கழித்து விடுங்கள், அல்லது ஒரு வாசல் அகலம் திறந்து விடுங்கள். குளிர் இறங்கிப் போக வழி வேண்டும்.

வானம் தெளிந்திருக்கும் மாலைகளில், வெயில் இறங்குவதற்கு முன் பழைய சாக்கையோ துணியையோ கம்புகளின் மேல் விரித்துப் பாத்தியை மூடுங்கள். இலையைத் தொடக் கூடாது. வெயில் வந்தபின் எடுங்கள். மண் ஈரமாக இருந்தால் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும், அதனால் அன்று பகலில் தண்ணீர் பாய்ச்சுவதும் நல்லது. மூட முடியாத பெரிய காணிக்கு, விடியுமுன் எழுந்து வெயில் படுவதற்குள் இலையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது.

உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி, பூசணி நான்கும் உறைபனிக்குத் தாங்காது. லீக்ஸ், கோவா, கரட் தாங்கும். பள்ளத்துப் பாத்தியில் தை மாதத்துக்கு லீக்ஸ் வையுங்கள்.

தேயிலை பிடுங்கிய நிலத்தில் மூன்றாம் போகம் கோவா. வெயில் ஏறியதும் செடி வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது. காற்றினால் என்று நினைத்தேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டிகட்டியாக, இஞ்சிக் கிழங்குபோல் இருக்கிறது.
— வாசகி, இராகலை

பிடுங்கிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான வேலை. இது காற்றல்ல, கிளப்ரூட் என்கிற வேர்வீக்கம். கோவாக் குடும்பத்துக்கு மட்டும் வரும்: கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு. புளிப்பு மண்ணும் ஈரமும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். தேயிலைக்கு நல்லது என்று சொல்லும் மண் பிஎச் அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருக்கும். அதே மண்ணில் மூன்று போகம் தொடர்ந்து கோவா வைத்தால் நோய் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மருந்தடித்து இதைத் தீர்க்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் வித்திகள் மண்ணுக்குள் 15 வருடத்துக்கு மேலும் கிடக்கும். செய்யக்கூடியது இவ்வளவு: பாதிக்கப்பட்ட செடிகளை வேரோடு எடுத்துக் காயவைத்து எரியுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் கொடுக்காதீர்கள். வித்தி மாட்டின் வயிற்றைத் தாண்டிச் சாணத்தில் வந்துவிடும். அந்தப் பாத்தியில் வேலை செய்த மம்பட்டியையும் சப்பாத்தையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போங்கள். மண்ணைச் சோதித்துப் பார்த்து, புளிப்பைக் குறைக்க டொலமைட் என்கிற சுண்ணாம்புத் தூள் போடுங்கள். சோதனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், கமநல சேவை நிலையத்தில் அவரைப் பிடிக்கலாம். பொதுவாக ஒரு பேர்ச்சஸுக்கு 5 கிலோ வரை, நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு, மண்ணோடு நன்றாகக் கலந்து. அடுப்புச் சாம்பலும் உதவும். கோவாக் குடும்பத்துக்கு மண் பிஎச் 7ஐத் தாண்டும்வரை கொண்டுபோனால் நோய் அடங்கும். அடுத்து உருளைக்கிழங்கு வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் டொலமைட்டை நிறுத்திவையுங்கள், கிழங்கில் சொறி விழும்.

கோவாவுக்குப் பதில் சில வருடங்களுக்கு அந்த இடத்தில் கரட், லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட் என்று மாற்றிக்கொண்டிருங்கள். இன்னொன்று: நாற்று வாங்கிய இடத்தையும் யோசித்துப் பாருங்கள். நோய் பெரும்பாலும் நாற்றோடு ஒட்டிய மண்ணில்தான் வீட்டுக்குள் வருகிறது. சொந்தமாக நாற்றுமேடை போடுவது இந்த ஒரு காரணத்துக்காகவே பெறுமதியான வேலை.

கரட் ஒரு பாத்தியில் முளைத்து ஒரு பாத்தியில் முளைக்கவில்லை. ஒரே விதைதான்.
— வாசகர், வெலிமடை

காற்றுப் படும் பாத்தியில் மேல் மண் காய்ந்து விதை கருகியிருக்கும், அல்லது விதையே ஒதுங்கிப் போயிருக்கும். கரட் விதைத்தவுடன் நனைத்த சாக்கை விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். குளிருக்கு முளைக்க இரண்டு வாரம் வரை எடுக்கும். பத்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்த அன்றே மாலையில் சாக்கை எடுத்துவிடுங்கள்.

என் மகள் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வீட்டோடு சின்ன நிலம் உண்டு. "அம்மா, இங்கேயும் நுவரெலியா மாதிரிக் குளிரும் காற்றும்தான்" என்கிறாள். இங்கிருந்து கரட், வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய் விதை அனுப்பலாமா? என்ன வளரும் என்று சொல்லுங்கள்.
— ஒரு தாய், டிக்கோயா

விதை அனுப்ப வேண்டாம் அம்மா. முதல் காரணம் சட்டம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விதையை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், பார்சலே நின்றுவிடும். மகள் அங்கிருந்து இங்கே அனுப்புவதற்கும் அனுமதி வேண்டும். நோய் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இப்படித்தான் போகிறது, ஆகவே அந்தச் சட்டம் நல்லதுதான்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம்: வெளிச்சம். குளிரும் காற்றும் ஒன்றாக இருக்கலாம், பகல் ஒன்றாக இல்லை. நாம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறோம். வருடம் முழுவதும் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். ஷெட்லண்ட் 60 பாகையில் இருக்கிறது. ஆனி மாதத்தில் அங்கே பகல் 19 மணித்தியாலத்தை நெருங்கும், சூரியன் மறைந்த பிறகும் முழு இருட்டு வராது. மார்கழியில் பகல் 6 மணித்தியாலம்கூட இல்லை. செடிகள் இதைக் கணக்கு வைத்திருக்கின்றன. நம் வெங்காயம் 12 மணித்தியாலப் பகலில் கிழங்கு கட்டும் இனம். அங்கே போட்டால் செடி வளர்வதற்கு முன்பே கோலிக்குண்டு அளவில் கிழங்கு கட்டி நின்றுவிடும். அங்குள்ள வெங்காயத்துக்குப் பகல் 14, 16 மணித்தியாலம் வேண்டும், அதை இங்கே போட்டால் தாள் மட்டும் வளரும். கொத்தமல்லி நீண்ட பகலைக் கண்டதும் இலை விடுவதை நிறுத்திப் பூத்துவிடும். நாம் இங்கே போடும் நியூ குரோடா கரட் சூட்டைத் தாங்குவதற்கென்று வந்த இனம். அங்கே வசந்தத்துக் குளிர் பட்டால், ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பூந்தண்டு எறியும், கிழங்கு கட்டையாகிவிடும். அங்கே நான்டஸ் வகைக் கரட் வாங்கச் சொல்லுங்கள். வைகாசி நடுப்பகுதிக்கு முன் விதைக்க வேண்டாம்.

சரி, என்ன வளரும்? அந்தத் தீவிலேயே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்துவந்த ஒரு கோவா இனம் இருக்கிறது, ஷெட்லண்ட் கேல் என்பார்கள். கடற்காற்றுக்குப் பழகிய செடி. அதன் நாற்றைக் காக்க அந்த ஊர் மக்கள் வட்டமாகக் கல் அடுக்கிச் சின்னச் சின்ன அடைப்புகள் கட்டினார்கள், பிளான்டிகிரப் என்று பெயர். சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிய சுவர் அது. கல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும், மீதி மேலால் போகும். தலவாக்கலைத் தங்கச்சிக்கு வலை கட்டச் சொன்னேனே, அதே கணக்கு. கோடை கடைசியில் அதற்குள் விதைத்து, குளிர்காலம் முழுவதும் நாற்றைக் காத்து, வசந்தத்தில் பிடுங்கி வெளியே நடுவார்கள். மகளுடைய ஊர்ப் பக்கத்தில் இடிந்த பிளான்டிகிரப் ஏதாவது இருக்கும், ஒருநாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கேல் இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மாசி போட்டுச் சுண்டினால் நம் வீட்டுச் சுண்டல்தான். குளிர்காலத்திலும் இலை பறிக்கலாம்.

உருளைக்கிழங்கு சித்திரை கடைசியில். பட்டாணி, பீட்ரூட், சலாது, முள்ளங்கி எல்லாம் வைகாசியில். லீக்ஸ் விதையைப் பங்குனியில் வீட்டுக்குள்ளே யன்னலோரம் போட்டு, ஆனியில் வெளியே ஒரு சாண் ஆழக் குழியில் நட வேண்டும். கொத்தமல்லியை ஆனியில் விட்டுவிட்டு ஆவணி தொடக்கத்தில் விதைக்கட்டும், பகல் குறையத் தொடங்கியிருக்கும். வெந்தயக் கீரைக்கு எப்போதும் ஒரு தட்டில் இடம் கொடுக்கலாம். கொடிப் போஞ்சி, தக்காளி வெளியில் நடக்காது. கோடையிலும் அங்கே சராசரி வெப்பநிலை 12, 13 பாகைதான். இவற்றுக்குக் கூடு வேண்டும். பொலித்தீன் கூடாரம் அந்தக் காற்றில் நிற்காது என்பதால், சாமன் மீன் பண்ணைகளில் கழித்த குழாய்களை வளைத்து, மேலே கெட்டியான பொலிகார்பனேட் தகடு போட்டுப் பொலிகிரப் என்று ஒரு கூடு அந்தத் தீவிலேயே செய்தார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது வைத்திருப்பார்கள்; மகள் போய்ப் பேசட்டும், தோட்டக்காரர்கள் எந்த ஊரிலும் இடம் கொடுப்பார்கள். பச்சை மிளகாய்க்கு வீட்டுக்குள் தெற்கு யன்னல்.

புயல் அடித்து ஓய்ந்ததும் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். கடல் உப்பு படிந்து ஓரம் கருகும், அது நமக்கு இல்லாத தொல்லை. மண் அங்கேயும் புளிப்பு, நம் தேயிலை மண்ணைவிடக் குறைவில்லை. சுண்ணாம்பு போட வேண்டிவரும்.

டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் எத்தனை தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்து ஊர்களின் பெயர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்டார் இங்கே வந்து அவர்கள் ஊர்க் கோவாவையும் கரட்டையும் நட்டுப் பார்த்தார்கள். உங்கள் மகள் அங்கே போய் நடுகிறாள், எனக்கு அதில் பெரிய சந்தோஷம். முதல் அறுவடையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

லீக்ஸில் வெள்ளைத் தண்டு நாலு விரலுக்கு மேல் வருவதில்லை. சந்தையில் விலை குறைக்கிறார்கள்.
— வாசகர், மீப்பிலிமான

மேட்டில் நட்டிருப்பீர்கள். மண்ணுக்குள் இருக்கும் பகுதிதான் வெளுக்கும். ஒரு சாண் ஆழச் சாலில் நட்டு, தண்டு பென்சிலை விடப் பருத்ததும் முதல் முறை மண் இழுத்துவிடுங்கள், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இலை பிரியும் கவட்டுக்குக் கீழே நிறுத்துங்கள். கவட்டுக்குள் மண் விழுந்தால் கழுவினாலும் போகாது, அதற்கும் விலை குறைப்பார்கள். காற்று வரும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக அணையுங்கள். மழை விட்டு மண் பொலபொலவென்று இருக்கும் நாளில் செய்யுங்கள், சேறாக இருக்கும்போது வேண்டாம்.